நான் பூட்டிய கடிகாரம்

2024 நவம்பர் 4, திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பது. இரண்டு நாள் அடித்த மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. ஆபீஸ் வராந்தாவில் தொங்கும் தெர்மாமீட்டர் பதினான்கு டிகிரி காட்டியது. பனிமூட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை தெரியவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் அப்போது நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அன்றைய பக்கம் இன்னும் கிழியாமல் இருக்கிறது. பல தடவை கிழிக்க நினைத்தேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. இந்தத் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கெழுத்தராக, இருந்து, அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். மறு மாதமே திரும்பக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தானா ராத்தா டவுனில் நடந்த ஒரு வகுப்புக்கு நான் போயிருந்தேன், அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம், டிசம்பர் 31 அன்று கையெழுத்து. ஒப்பந்தம் இருக்கும்வரை எஸ்டேட் வீடு உண்டு. ஒப்பந்தம் போனால் வீடும் போகும். பதினோரு வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் எனக்குத் தூக்கம் கெடும்.

எங்கள் எஸ்டேட்டில் காலைப் பெரட்டு ஆறே முக்காலுக்கு. வேலைக்கு வந்தவர்களை ஆபீஸ் முன்னால் நிறுத்தி எண்ணுவதைத்தான் பெரட்டு என்கிறோம். முன்பெல்லாம் கங்காணி பெயரைக் கூப்பிடுவார், நான் பேரேட்டில் கோடு போடுவேன். ஐந்து வருடமாக விரல் வைக்கும் மெஷின். விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரியும், ஆளின் நம்பரும் நேரமும் கம்ப்யூட்டரில் ஏறும். அந்த மெஷினுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கம்ப்யூட்டர் எது சொல்கிறதோ அதுதான் அதற்கு நேரம். ஆறே முக்கால் தாண்டி ஒரு தடவை பதிந்தாலும் அந்த மாதத்து வருகைப் படியில் பிடித்தம் விழும்.

ஆபீஸில் என்னோடு இன்னொரு கிராணி உண்டு. இருபத்தாறு வயதுப் பெண். ஈப்போவில் படித்தவள், அம்மா இந்த எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் கொழுந்து எடுத்தவர். கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் உரிமை, அதாவது அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

நான் தினமும் காலையில் ரேடியோவின் மணியோசைக்கு என் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு, அதை வைத்துக் கம்ப்யூட்டரைச் சரிபார்ப்பேன். வீண் வேலை என்று என் மனைவி சொல்வாள். அந்த வருடம் ஜூன் கடைசியிலிருந்து நாற்பத்தொரு வேலை நாள் குறித்ததில், ஒன்பது நாள் கம்ப்யூட்டர் பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ பின்னால் இருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தால் தானாகச் சரியாகியிருக்கும். அந்த ஒன்பது நாளும் பனி அடர்த்தியான நாள். மேல் டிவிஷன் லோரி தாமதமாக இறங்கிய நாள்.

நான் அவளைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. லோரியில் வரும் இருபத்திரண்டு பேரும் விரல் வைத்து முடிக்கும்வரை கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பதாகவும், பிறகு முன்னால் கொண்டுவந்துவிடுவதாகவும் சொன்னாள்.

"லோரி லேட்டா வந்தா அவங்க என்ன செய்வாங்க அங்கிள்? பறந்து வரவா முடியும்?"

மானேஜரிடம் சொல்லவேண்டியதைக் கடிகாரத்திடம் சொல்லக் கூடாது என்றேன்.

"மானேஜர்கிட்ட மூணு தடவை சொல்லியாச்சு. கடிகாரம்தான் கேட்டுச்சு" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட நான் சுரண்டி எழுதியதில்லை. அவளைப் புகார் செய்யவும் மனம் வரவில்லை. ஆகவே புகார் செய்யாமல், யாரும் தொட முடியாதபடி கடிகாரத்தைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்போது அது எனக்கு இரக்கமான வழியாகக்கூடத் தோன்றியது.

கம்ப்யூட்டரில் கடிகாரம், பிரிண்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் மாற்றுகிற இடத்துக்கு செட்டிங்ஸ் என்று பெயர். அந்த இடத்தையே மூடிவிடலாம். பாலிசி எடிட்டர் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அதற்குள் போய் ஒரு வரியை மாற்றினால் செட்டிங்ஸ் யாருக்கும் திறக்காது. இன்டர்நெட்டில் இருந்த விளக்கத்தை ஃபுல்ஸ்கேப் தாளில் கையால் எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினெட்டுப் படிகள். முதல் பதினான்கு மூடுவதற்கு. கடைசி நான்கு, அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுப்பதற்கு. விலக்குக் கொடுக்காவிட்டால் மூடினவருக்கும் சேர்த்தே மூடிவிடும் என்று அந்த விளக்கத்திலேயே எச்சரித்திருந்தார்கள். மூன்று தடவை வாசித்தேன்.

வாசித்துவிட்டு அந்த நான்கு படிகளையும் விட்டுவிட்டேன். அவளுக்கு மூடி எனக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டால், நாளைக்கு யாராவது கிராணி தன் வசதிக்கு நேரத்தை மாற்றுகிறார் என்று சொல்லலாம் இல்லையா? அந்தப் பேச்சு வரக் கூடாது. பதிமூன்றாவது படியில், பாலிசி எடிட்டரின் பெயரைத் தட்டித் திறக்கிற சின்னப் பெட்டியையும் மூடினேன். இன்டர்நெட்டிலிருந்து தானாக நேரம் எடுக்கும் வசதியையும் நிறுத்தினேன். மே மாதத்தில் லைன் அறுந்து திரும்பி வந்தபோது அது ஒரு மணி நேரம் தாவியிருந்தது, காரணம் தெரியவில்லை. ஆகஸ்ட் 12, மாலை நாலு இருபதுக்கு வேலை முடிந்தது. செட்டிங்ஸை அழுத்திப் பார்த்தேன். கட்டுப்பாடு இருப்பதால் திறக்க முடியாது, உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்பு கொள்ளவும் என்று வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

எண்பத்திரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தாமதமாக வந்தவர்களுக்குப் பிடித்தம் விழுந்தது. அந்தப் பெண் என்னோடு தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்தினாள்.

நவம்பர் 2, சனிக்கிழமை, தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், இரவு பத்து மணிவாக்கில் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில் மண் சரிந்தது. கரண்டுக் கம்பமும் இன்டர்நெட் லைனும் அதோடு போயின. கரண்டு ஞாயிறு மாலை ஐந்துக்குத்தான் வந்தது. பத்தொன்பது மணி நேரம். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் உள்ளே ஒரு சின்ன பேட்டரி அதன் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது செத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. கரண்டு இல்லாத பத்தொன்பது மணி நேரமும் கடிகாரம் நின்றுபோய், கரண்டு வந்ததும் நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியிருக்கிறது.

ஆகவேதான் திங்கட்கிழமை காலை அதற்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது.

அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். சரிசெய்யப் போனாள், திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேளுங்கன்னு சொல்லுது அங்கிள். அட்மினிஸ்ட்ரேட்டர் நீங்கதான். உங்களைக் கேக்கறேன்."

என் பெயரில் உள்ளே போனேன். எனக்கும் அதே வாக்கியம். மேசை இழுப்பறையிலிருந்து ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்தேன். பதினான்கு படிகளும் மூடுவதற்கு எழுதியவை. திறப்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பின்னாலிருந்து முன்னால் செய்து பார்த்தேன். பதிமூன்றிலேயே நின்றுவிட்டது. நான் மூடிய சின்னப் பெட்டி அங்கேதான் இருந்தது. இன்டர்நெட்டில் தேடலாம் என்றால் லைன் இல்லை, கைப்பேசியிலும் பேச மட்டும்தான் முடிந்தது. தானா ராத்தாவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிடலாம் என்றால் ரோடு இல்லை.

வெளியே தூறலில் அறுபத்து மூன்று பேர் நின்றார்கள். கங்காணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், என்னைக் கேலி செய்வதற்கென்றே எழுந்து வருகிறவர். விஷயம் தெரிந்ததும், "நம்ம கிராணி வீட்டைப் பூட்டிட்டு சாவியை உள்ளேயே வச்சிட்டாரு லா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துவிட்டாள். இன்றைக்குக் கையால் எழுதிக்கொள்ளலாம், கங்காணி கூப்பிடட்டும், ஐந்து நிமிட வேலை என்றாள். அது சரியான யோசனை. அவள் சொல்லாமல் வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பேன்.

"ஒரு நாளைக்கு ரெண்டு கணக்கு வேணாம்" என்றேன். "மெஷின்லயே வைக்கட்டும். தேதியை நான் பிறகு சரிபண்ணிக்கிறேன்."

வைத்தார்கள். அறுபத்து மூன்று பச்சை விளக்கு. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

நாற்பத்தெட்டாவதாக வைத்தவர் நம்பர் 147. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி, மேல் டிவிஷன், இருபத்தொன்பது வருடமாகக் கொழுந்து வெட்டுகிறவர். கணவர் திரிங்காப்பில் காய்கறி லோரியில் கூடை ஏற்றுகிறார். அவருக்கு முதல் தடவை பதியவில்லை. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். பதிந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கங்காணி போன் செய்தார். குரலில் கேலி இல்லை. மேல் சரிவில் மழை அரித்த பாதையில் 147 கால் வைத்து, கீழே உள்ள கானுக்குள், மழைநீர் ஓடும் வடிகாலுக்குள், விழுந்துவிட்டார். ஒன்பது பத்துக்கு விழுந்தது. தொடை எலும்பு.

மண் சரிந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இந்தப் பக்கம் லோரி. இடையில் சேறு. ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி, ஆறு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். எண்பத்து நான்கு அடி. அவர் கத்தவில்லை. உதடு வெளுத்திருந்தது. பாதி வழியில் என் கையைப் பிடித்தார்.

"கிராணி ஐயா, காலையில என் விரல் பதிஞ்சிருக்கில்ல? இன்னிக்கு நாள் போயிடாதே?"

"பதிஞ்சிருக்கு" என்றேன். "நான் பார்த்தேன்."

நோட்டில் இதையும் எழுதினேன். 9.10 விழுந்தது. 10.35 ஆம்புலன்ஸ். பதிந்திருக்கிறது என்று நான் சொன்னது.

புதன்கிழமை மதியம் ரிப்பேர்காரர் சேற்றில் நடந்தே வந்தார். பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கடை வைத்திருக்கிற சீனப் பையன், மலாயில் பேசினான். கம்ப்யூட்டரை வேறு விதமாகத் திறந்து, பாலிசி எடிட்டருக்குள் போய், நான் மாற்றிய வரிகளை முன்பு இருந்தபடி ஒன்றும் தீர்மானிக்காத நிலைக்குத் திருப்பி, ஒரு தடவை அணைத்துப் போட்டான். நான்கு நிமிடம். செட்டிங்ஸ் திறந்தது. பிறகு பெட்டியைக் கழற்றி பேட்டரியை மாற்றினான், பத்துக் காசு அளவு வட்டம். போகும்போது ஒன்று சொன்னான்: கம்ப்யூட்டரைப் போட்டவுடனே, எழுத்துகள் வருவதற்கு முன்னால், ஒரு பொத்தானை அழுத்தினால் கடிகாரத்தை அங்கேயே மாற்றலாம், அங்கே உங்கள் பூட்டு எதுவும் இல்லை, பாக்சிக், அதாவது மாமா. அதாவது திங்கட்கிழமை காலையிலேயே ஒரு பொத்தானில் முடிந்திருக்கும்.

கூலியை ஆபீஸ் பில்லில் போடாமல் நானே கொடுத்தேன். பில் போட்டால் காரணம் எழுத வேண்டும்.

அன்று மாலை உட்கார்ந்து மூன்று நாள் கணக்கைப் பார்த்தேன். திங்கட்கிழமை வைத்த விரல்கள் ஞாயிற்றுக்கிழமையில் கிடந்தன. ஞாயிறு விடுமுறை என்பதால் அந்தப் பதிவுகளைத் தலைமை ஆபீஸின் புரோகிராம் தானாகவே தள்ளிவிட்டிருந்தது. செவ்வாயின் விரல்கள் திங்களில். புதன் காலையின் விரல்கள் செவ்வாயில். புதன் மாலை வீட்டுக்குப் போகும்போது வைத்தவை புதனில். ஆக ஒவ்வொருவருக்கும் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளிலும் ஏதோ ஒரு பதிவு இருந்தது. அறுபத்திரண்டு பேர், மூன்று நாள், நூற்று எண்பத்தாறு. கூட்டினேன், சரியாக வந்தது. நேரம் கன்னாபின்னாவென்று இருந்ததற்கு "மின்தடை" என்று ஒரு சொல் எழுதினேன். யாருக்கும் ஒரு காசு குறையவில்லை. எதற்குக் கிளறுவது?

147 செவ்வாயும் வரவில்லை, புதனும் வரவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்குத் திங்களில் ஒன்றுமே இல்லை. புரோகிராம் மூன்று காலிக் கட்டங்களைக் காட்டி என்ன போடுவது என்று கேட்டது. மூன்றிலும் மருத்துவ விடுப்பு என்று போட்டேன். செவ்வாய்க்கும் புதனுக்கும் அது உண்மை. திங்களுக்கு, மொத்தம் சரியாக வர வேண்டும் என்பதற்காக.

நான் வாழ்க்கையில் எழுதிய பொய்யான பதிவு அது ஒன்றுதான். எழுதும்போது பொய் என்று தோன்றவில்லை. ஓரங்களை நேராக்குகிற மாதிரிதான் இருந்தது.

நவம்பர் 21 அன்று காப்புறுதிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விபத்து நடந்ததாகச் சொல்லும் நாளில் இந்தத் தொழிலாளி வேலையில் இல்லை, மருத்துவ விடுப்பில் இருந்ததாக எஸ்டேட்டின் சொந்தப் பதிவே காட்டுகிறது, ஆகவே இழப்பீடு இல்லை என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு மிளகாயும் ஸ்பிரிங் ஆனியனும் போட்ட ஒரு சின்னச் சரிவு உண்டு. அங்கே விழுந்திருக்கலாம் என்று ஒரு வரியும் இருந்தது. கங்காணியின் வாக்குமூலம் இணைத்திருந்தும், பதிவுக்கு முரணாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். பதிவு தவறு என்றால், பதிவுக்குப் பொறுப்பானவர் காரணத்தோடு எழுதித் தர வேண்டும்.

மறுநாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். ஈப்போக்காரர், நாற்பது வயது. வயதானவர்கள் இன்னும் அவரைத் துரை என்கிறோம், அவருக்கு அது பிடிக்காது. கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "கிராணி, மெஷின் தப்புன்னு எழுதறதா இருந்தா எழுதுங்க, நான் தடுக்கல. ஆனா எப்படித் தப்பாச்சு, யார் பூட்டினது, யார் லீவு போட்டது, எல்லாம் சேர்த்து எழுதணும். பாதி எழுதினா ஒத்துக்க மாட்டாங்க."

அவர் மிரட்டவில்லை. அவர் குரலில் மிரட்டல் இருந்ததாக நான் பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்று நவம்பர் 22. ஒப்பந்தம் முடிய முப்பத்தொன்பது நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை 147-இன் கணவர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் வாசற்படியருகிலேயே நின்றார்.

"டாக்டர் தொடையில பிளேட் வச்சு முடுக்கணும்கிறாரு ஐயா. ஆபரேஷனுக்குக் காசு இல்லயாம், பிளேட்டை மட்டும் நாங்க வாங்கித் தரணுமாம். மூவாயிரத்துச் சொச்சம் சொல்றாங்க. தவ்கே கிட்ட கேட்டா குடுப்பாரு, கூலியில பிடிச்சுக்குவாரு. கேக்கட்டுமா, இல்ல லெட்டர் சீக்கிரம் போயிடுமா?"

"அடுத்த வாரம் போயிடும்" என்றேன். "கடன் வாங்க வேணாம்."

இந்த இரண்டு வாக்கியங்களை நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் முதலாளியிடம் கடன் வாங்கியிருப்பார். பிளேட் வைத்திருப்பார்கள். கடிதம் எவ்வளவு தாமதமானாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதைப் பல விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறது.

எழுத உட்கார்ந்தேன். ஒன்பது கடிதம் எழுதினேன். முதல் எட்டிலும் "தொழில்நுட்பக் கோளாறு" என்ற சொல் இருந்தது. கடிகாரத்தைப் பூட்டியது யார் என்பது இல்லை. கையால் எழுதலாம் என்று ஒருத்தி சொன்னதும், வேண்டாம் என்று ஒருவன் சொன்னதும் இல்லை. எட்டையும் கிழித்தேன். கணவர் இன்னும் இரண்டு தடவை வந்தார். அடுத்த வாரம் என்றேன், அடுத்த வாரம் என்றேன். அந்தப் பெண் ஒரு நாள் ஆபீஸில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "அங்கிள், நான் எழுதித் தரட்டுமா? நான்தான் பூட்டினேன்னு போட்டுக்கலாம்" என்றாள். அது கேலியா, நிஜமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு, 147-ஐப் பார்க்க ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் விழுந்து நாற்பத்தொரு நாள். காலில் கம்பி மாட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. நான் ஆரஞ்சுப் பை ஒன்றை வைத்தேன். என்னைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் தன் வலது கைக் கட்டை விரலை எடுத்து என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"இருபத்தொன்பது வருஷம் கத்தரி பிடிச்சு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு ஐயா. அன்னிக்கும் முதல் தடவை விழல. ரெண்டாந் தடவையும் சரியா விழல போல. அதான் பதியலன்னு சொல்றாங்க. உங்களுக்குத்தான் என்னால வீண் சிரமம்."

பச்சை விளக்கு எரிந்ததை நான் பார்த்திருந்தேன். அதைப் பார்த்தேன் என்று அவரிடமே சொல்லியிருந்தேன். நாற்பத்தொரு நாளில் அவர் என்னை நம்புவதை விடவில்லை, தன் விரலை நம்புவதை விட்டிருந்தார்.

"உன் விரல் பதிஞ்சதும்மா" என்றேன். "கடிகாரத்தைப் பூட்டினது நான்."

அவருக்கு அது விளங்கவில்லை. சரிங்க ஐயா என்றார்.

அன்று இரவே ஒன்பதாவது கடிதத்தை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஆகஸ்ட் 12 அன்று செட்டிங்ஸை அட்மினிஸ்ட்ரேட்டர்கள் உட்பட எல்லாருக்கும் மூடியது நான். விலக்கு வைக்காதது நான். கையால் எழுதும் யோசனையை மறுத்தது நான். நவம்பர் 4-க்கு மருத்துவ விடுப்பு என்று போட்டது நான். நோட்டுப் பக்கத்தின் நகலையும் ஒட்டினேன். திங்கள் காலை ஏழரைக்கு மானேஜர் மேசையில் வைத்தேன். நவம்பர் 22-லிருந்து எண்ணினால் இருபத்து நான்காம் நாள். அதில் இருபத்து மூன்று நாள் நான் பயந்த நாள்.

மானேஜர் நின்றுகொண்டே படித்தார். முத்திரை குத்தினார். "சரி கிராணி, ஒரு காப்பி ஃபைல்ல போட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான். டிசம்பர் 31 அன்று வழக்கம்போல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீடு எங்கேயும் போகவில்லை. சம்பளம் ஒரு வெள்ளி குறையவில்லை. கங்காணிகூட கேலி செய்யவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜனவரி 9 அன்று காப்புறுதிக் கம்பெனி ஒத்துக்கொண்டது. பணம் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு தானாகவே ஒட்டிவிட்டது, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கிறது என்றார். பிளேட் வைக்க வேண்டுமென்றால் மறுபடி உடைக்க வேண்டும். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார். இனி ஒருத்தரும் என் காலைத் தொட வேண்டாம் என்று சொன்னதாக அவர் கணவர் சொன்னார். இடது கால் இரண்டரை சென்டிமீட்டர் குட்டை. சரிவில் நிற்க முடியாது. இப்போது தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்குகிறார். கொழுந்து வெட்டும்போது எடைக்குக் கிடைத்த கூலி இதில் கிடையாது.

செட்டிங்ஸை இப்போது நான் மூடுவதில்லை. இரண்டு பேருக்கும் திறந்தே இருக்கிறது. பனி அடர்ந்த நாளில் என் கைக்கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் பத்து நிமிடம் வித்தியாசம் வருவதை நான் இன்னும் பார்க்கிறேன். நோட்டில் எழுதுவதில்லை. பெரட்டில் மெஷினோடு சேர்த்து ஒரு தாளிலும் கங்காணி பெயர் கூப்பிடுகிறார், அந்தப் பெண் கோடு போடுகிறாள். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நான் கேட்பதில்லை.

மார்ச் மாதம் ஈப்போவில், குட்டையான காலுக்கு அடி உயர்த்திச் செருப்புத் தைக்கும் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அளவு கொடுத்துச் செய்து வாங்கி வந்தேன். அந்த அம்மா போட்டுப் பார்த்து வாசலில் நாலு அடி நடந்தார். பரவாயில்லை என்றார். எவ்வளவு ஆச்சு ஐயா என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

ரிப்பேர்காரருக்கு நூற்று இருபது வெள்ளி. பேட்டரிக்கு மூன்று வெள்ளி ஐம்பது காசு. ஈப்போவுக்கு இரண்டு தடவை போய்வந்த பஸ், ஆரஞ்சும் சேர்த்து, எண்பது. செருப்புக்கு இருநூற்று எண்பத்தைந்து. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். எனக்கு ஆன மொத்தச் செலவு நானூற்று எண்பத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு.